குறுக்கே ஓடச் சொன்னவள்

எனக்கும் நேசராணிக்கும் பழக்கம் ஏற்பட்டதே ஒரு சண்டையில்தான். பசறை டவுனில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் கடை. முன்பக்கம் துணி விற்பனை, பின்பக்கம் இரண்டு தையல் மெஷின். ஒரு டிசம்பர் மாதம் மெலிந்த ஒரு பெண் வந்து, குருவிமலைத் தேயிலைத் தோட்டத்து மாதா கோயிலில் நத்தார் நாடகம் போடுகிறோம், சின்னப் பிள்ளைகளுக்கு உடுப்பு தைக்க வேண்டும் என்றாள். நான் வெள்ளைச் சாட்டினையும் ஜிகினாவையும் எடுத்துப் போட்டேன். அவள் அதைத் தள்ளி வைத்துவிட்டுக் கறுப்புத் துணி கேட்டாள்.

காக்காய்க்காம். யேசு பிறந்த வீட்டில் காக்காய் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். நான் முஸ்லிம், எனக்கே அது தெரியும். மாட்டுக் கொட்டிலில் பிள்ளை பிறந்தால் எங்கள் மலையில் முதலில் வந்து எட்டிப் பார்ப்பது காக்காய்தான், வானத்துச் சம்மனசு எல்லாம் பிறகுதான் என்றாள் அவள். தெய்வக் காரியத்தில் விளையாடாதே என்று நான் எகிறினேன். அவள் கடை நடுவில் குந்தி, கழுத்தை ஒருபக்கம் சாய்த்து, இரண்டு தத்துத் தத்தித் தொட்டிலைப் பார்ப்பதுபோல எட்டிப் பார்த்தாள். பொத்தான் வாங்க வந்த ஆட்கள் வாயைப் பிளந்து நின்றார்கள். என் புருஷன் மஹ்ரூப், அந்நியப் பெண் ஆடுவதைப் பார்க்கலாமா கூடாதா என்று தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காக்காய் உடுப்பே தைத்துக் கொடுத்தேன்.

நேசராணி அந்தத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா ஆயா. தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளையும் தவழும் பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் போகிற இடம் அது. பால்மா கரைத்துக் கொடுத்து, மூக்குச் சிந்திவிட்டு, தூங்க வைத்தால் போதும். அவளுக்கு வேலை அவ்வளவுதான். இவள் ஆட வைத்தாள். பல் தேய்க்க ஓர் ஆட்டம், கை கழுவ ஓர் ஆட்டம். நடக்கத் தெரியாத பிள்ளையைக்கூட உட்கார்ந்தபடியே தோளைக் குலுக்க வைத்துவிடுவாள். தோட்டத்தில் இதற்கு நேசத்தின் பைத்தியம் என்று பெயர்.

இந்தப் பைத்தியம் பிடித்தது கொழும்பில். சின்ன வயதில் அங்கே ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்த வீட்டுப் பெண்பிள்ளை நடன வகுப்புக்குப் போகும். இவள் அதன் செருப்பையும் தண்ணீர்ப் போத்தலையும் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பாள். பார்த்தே படித்துக்கொண்டாயா என்று ஒருமுறை ஆச்சரியப்பட்டுக் கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. பார்த்தால் ஒன்றும் வராது, வீட்டுக்கு வந்து குசினிக்குள் தனியாக ஆடிப் பார்த்ததால்தான் வந்தது, சட்டி ஒன்று உடைந்து அதற்கு அடியும் வாங்கினேன் என்றாள்.

ஊருக்குத் திரும்பி அந்தோனியைக் கட்டிக்கொண்டாள். அந்தோனிக்குக் கவ்வாத்து வேலை, அதாவது முற்றிய தேயிலைச் செடியை அளவாக வெட்டிவிடுவது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பாடகர் குழுவில் டோலக் வாசிப்பார். பெரிய கேலிக்காரர். கடைக்கு வந்தால், என் பெண்சாதிக்கு ஆட முடியாத மாதிரி ஒரு சட்டை தைத்துக் கொடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும் என்பார். ஆனால் அவள் ஆடும்போது அவர் கை ஒரு தட்டுப் பிசகாது. அவளுக்கு எங்கே மூச்சு வாங்கும் என்று அவருக்குத் தெரியும். அந்த இடம் வந்ததும் அடியை மெதுவாக்கிக் கொடுப்பார். ஒரே மகன் ஜெஸ்டின் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். இவர்கள் இரண்டு பேரும் மேல் லயத்து வரிசை வீட்டில் ஒரு காம்பராவில் இருந்தார்கள், சண்டையும் சிரிப்புமாக. எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும்.

மழையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் பக்கத்து மழை முன்பெல்லாம் நேரம் பார்த்து வரும். ஐப்பசி கார்த்திகையில் பின்னேரம் இடி இடித்துப் பெய்யும், ஆட்கள் அதற்குத் தக்கபடி துணி காயப்போட்டு எடுப்பார்கள். இப்போது வர வேண்டிய மாதத்தில் வெயில் மண்டையைப் பிளக்கிறது, கொழுந்து கருகுகிறது, தோட்டத்தில் வேலை நாள் குறைகிறது. பிறகு ஒரு மாதத்து மழை இரண்டு நாளில் கொட்டித் தீர்க்கிறது. வெலிமடையில் உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகுகிறது. அப்புத்தளை ரோட்டில் மண் விழுந்து பஸ் நிற்கிறது. என் கடையில் துணிக்கட்டுப் பூஞ்சணம் பிடிக்கிறது. டீவியில் இதற்குக் காலநிலை மாற்றம் என்று பெயர் சொல்கிறார்கள். யார் யாரோ எங்கெங்கோ ஏற்றிவிட்ட சூட்டுக்கு, ஒரு பல்பும் ஒரு ரைஸ் குக்கரும் வைத்திருக்கிற லயத்துச் சனம் மண்ணுக்குள் போக வேண்டுமா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். என் ஆத்திரத்தால் ஒரு சொட்டு மழையும் குறைந்ததில்லை.

முந்தின வருஷ மழையில் மேல் லயத்துக்குப் பின்னால் நிலம் வெடித்தது. ஓர் ஆளின் கை நுழைகிற அளவு வெடிப்பு. பதுளையிலிருந்து மண்சரிவு பார்க்கிற அதிகாரி ஒருவர் வந்து, அளந்து, சனத்தைக் கூட்டிப் பேசினார். நல்ல மனிதர், பொறுமையாகத்தான் சொன்னாராம். இந்த இடத்தில் இருப்பது ஆபத்து, மாற வேண்டும் என்றார். எங்கே மாறுவது என்று சனம் கேட்டது. அதற்கு அவரிடம் பதில் இல்லை, அவருக்கு மேலே இருந்தவர்களிடமும் இல்லை. கடைசியில் அவர் ஒன்று சொன்னார். மலை இரைகிற சத்தம் கேட்டால் கீழே ஓடாதீர்கள். மண் உங்களைவிட வேகமாகக் கீழே வரும். குறுக்கே ஓடுங்கள், மண் வரும் பாதையை விட்டு விலகுங்கள் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

மேல் லயத்திலிருந்து படிக்கட்டு நேராகக் கீழே இறங்கும். கீழே பைப்பு, அதற்கும் கீழே ரோடு. தண்ணீருக்கும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் காலையில் பெயர் கொடுக்கிற பெரட்டுக்களத்துக்கும் எல்லாரும் பிறந்த நாள் முதல் அதில்தான் இறங்குகிறார்கள். குறுக்கே போவதென்றால் இடது பக்கம் தேயிலைக்குள் புகுந்து, அதே லயத்து லூர்துமேரி பீன்ஸ் கொடி போட்டிருந்த போஞ்சித் தோட்டத்தைத் தாண்டி, மாதா கோயில் நிற்கிற பாறைக்குப் போக வேண்டும். அந்தப் பக்கம் யாரும் நடப்பதில்லை. கோயிலுக்குக்கூடக் கீழே இறங்கி ரோட்டைச் சுற்றித்தான் போவார்கள்.

கூட்டம் முடிந்த மறுநாள் நேசராணி கடைக்கு வந்தாள். அவள் முகம் சரியில்லை. அந்த அதிகாரி சொன்னதை எல்லாரும் கேட்டார்கள், ஒருவருக்கும் நினைவிருக்காது என்றாள்.

"சத்தம் வாறப்போ யாருக்கும் யோசிக்க நேரமிருக்காதுக்கா. காலு தானா குறுக்க போவணும். அதுக்குக் காலுக்குத்தான் சொல்லிக் குடுக்கணும்."

அந்த நேரம் பார்த்துத்தான் கேஷானி என்று ஒரு பெண் வந்தாள். பண்டாரவளையில் ஒரு நிறுவனத்தில் வேலை. தோட்டத்துப் பெண்களைக் கொண்டு காலநிலை மாற்றம் பற்றி ஆட்டம் தயாரித்து, பதுளையில் ஒரு மண்டபத்தில் மேடையேற்றப் போகிறார்களாம். குருவிமலையில் யாரைக் கேட்டாலும் நேசராணியைத்தான் கை காட்டினார்கள். அந்த வாய்ப்பைப் பிடித்துக்கொண்டாள் நேசராணி. மேல் லயத்துக் கொழுந்துப் பெண்கள் எட்டுப் பேரைச் சேர்த்தாள். ஆட்டத்தில் மூன்று பாகம்: முதலில் கொழுந்தெடுப்பது, பிறகு வெயிலில் வாடுவது, கடைசியில் மழை பெய்து மலை இரைய, எல்லாரும் குறுக்கே ஓடித் தப்புவது. கேஷானிக்கு முதல் இரண்டும் மிகவும் பிடித்தது. நேசராணிக்கு மூன்றாவதுதான் வேண்டும். மற்ற இரண்டும் அதற்காக.

பழகுவதற்குக் கோயில் மண்டபத்தைக் கொடுக்கிறோம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் எல்லாரையும் மலைக்கே கூட்டிக்கொண்டு போனாள். உடுப்புக்கு அளவெடுக்க நானும் போயிருந்தேன். மண் சறுக்கி இரண்டு தரம் விழுந்தேன், அதைப் பற்றி இப்போதும் சொல்லிச் சிரிப்பார்கள்.

முதல் நாள் ஒரு கூத்து நடந்தது. அந்தோனி கீழே பைப்படியில் உட்கார்ந்து டோலக் அடிக்கிறார். பெண்கள் எட்டுப் பேரும் மலையில் வரிசையாக நின்று கொழுந்தெடுக்கிற மாதிரி அழகாக ஆடுகிறார்கள். மலை இரைகிற அடி வந்ததும் குறுக்கே ஓட வேண்டும். எட்டுப் பேரும் நேராகக் கீழே ஓடினார்கள். மறுபடியும் அடித்தார், மறுபடியும் கீழே. பிறகு நேசராணி ஒவ்வொருத்தியாகப் பிடித்து இடது பக்கம் திருப்பிவிட்டாள். திரும்பினார்கள், காலைத் தூக்கினார்கள், அப்படியே நின்றுவிட்டார்கள். காற்றில் தூக்கிய கால் இறங்கவில்லை.

எனக்கு விளங்கவில்லை. தோட்டத்துச் சனத்துக்கு உடனே விளங்கிவிட்டது. கொழுந்தெடுக்கும் மலையில் ஒவ்வொருத்திக்கும் ஒரு நிரை உண்டு. இரண்டு தேயிலை வரிசைக்கு நடுவில் இருக்கிற அந்த இடம் அன்றைக்கு அவளுடையது. காலையில் கங்காணி பிரித்துக் கொடுப்பார். அடுத்தவள் நிரையில் கால் வைத்தால் அது கொழுந்துத் திருட்டு. தலைமுறைக்கும் பேச்சு வார்த்தை நின்றுபோகிற அளவுக்குச் சண்டை வரும். பத்துப் பதினைந்து வயதிலிருந்து தன் நிரைக்குள்ளேயே நடந்து பழகிய கால், உயிர் போகிற நேரத்திலும் பக்கத்து நிரைக்குப் போகாது என்று அன்றைக்கு எல்லாரும் கண்டோம். முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

இதில் லூர்துமேரி வேறு. வாட்டசாட்டமான பெண், குரலெடுத்தால் கீழ் லயம் வரைக்கும் கேட்கும். அவளும் ஆட்டத்தில் ஒருத்தி. அவளுக்கும் அடுத்து நின்றவளுக்கும் பழைய நிரைச் சண்டை, முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நேசராணி வேண்டுமென்றே அவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருந்தாள். அதோடு, குறுக்கே ஓடுகிற பாதையில்தான் லூர்துமேரியின் போஞ்சித் தோட்டம், சுற்றிக் கம்பி வேலி. என் போஞ்சியை மிதித்துக்கொண்டு ஆடுவதற்கு இது என்ன மேடையா, தேவையென்றால் சுற்றிக்கொண்டு ஓடு என்று கத்தினாள். மலை வந்தால் உன் போஞ்சி மட்டும் மிஞ்சுமா என்று நேசராணி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆளறிந்து பேசுகிறவள் அவள். முன்னால் ஓடி வழி காட்டுகிற ஆள் கம்பீரமாக இருக்க வேண்டும், உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள் என்று லூர்துமேரியிடம் சொன்னாள். அடுத்த ஞாயிறு வேலியில் ஓர் ஆள் போகிற அளவுக்கு வாசல் வெட்டியிருந்தது. அதில் முதல் ஆளாக லூர்துமேரி நிமிர்ந்துகொண்டு ஓடினாள்.

எத்தனையோ ஞாயிறு இப்படிப் போனது. தூக்கிய கால் மெல்ல மெல்ல இறங்கத் தொடங்கியது. முதலில் விரல் நுனி, பிறகு பாதம். ஒரு பின்னேரம் டோலக் இரைந்த உடனே எட்டுப் பேரும் யோசிக்காமல் நிரை நிரையாகத் தாண்டி, வேலி வாசலுக்குள் புகுந்து, பாறையில் ஏறி நின்றார்கள். நேசராணி பாறையில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். சந்தோஷத்தில் விக்கல் எடுத்திருக்கிறது.

ஆண்கள் கீழே கற்கட்டில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு இதையெல்லாம் வேடிக்கை பார்ப்பார்கள். நீங்களும் ஒருதரம் வந்து ஓடிப் பாருங்கள் என்று நேசராணி கூப்பிட்டாள். பொம்பிளைகள் ஆட்டத்தில் எங்களுக்கு என்ன வேலை, நாங்கள்தான் வாராவாரம் பார்க்கிறோமே, மனப்பாடமே ஆகிவிட்டது என்றார்கள். அவள் அந்தோனியைப் பார்த்தாள். அவர் டோலக்கில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சொன்னார்.

"கொட்டடிக்கிறவனும் ஆடப் போனா கொட்ட யாரு அடிக்கிறது?"

எல்லாரும் சிரித்தோம். நேசராணியும் சிரித்தாள். கேட்டதில் நியாயம் இருந்தது.

பதுளை மண்டபத்தில் ஆட்டம் நடந்தது. நான் தைத்த உடுப்பைப் பற்றி நானே சொல்லக் கூடாது, ஆனாலும் நன்றாக இருந்தது. மற்றத் தோட்டத்துப் பிள்ளைகள் பூமியைக் காப்போம் என்று அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு ஆடினார்கள். இவர்கள் அட்டை ஒன்றும் பிடிக்கவில்லை. மேடையில் தேயிலை இல்லை, நிரை இல்லை, வெறும் பலகை. ஆனாலும் எட்டுப் பேரும் கண்ணுக்குத் தெரியாத நிரைக்குள்ளே நின்றார்கள். இரைச்சல் வந்தபோது கால் தூக்கி ஒரு கணம் தயங்குவதை நேசராணி ஆட்டத்திலேயே வைத்திருந்தாள். டவுன் சனத்துக்கு அது விளங்கவில்லை, யாரோ அடி மறந்துவிட்டார்கள் என்று நினைத்து இரண்டொருவர் சிரித்தார்கள். பின்வரிசையில் தோட்டத்துச் சனம் இருந்தது. அங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு பெண், தாண்டு, தாண்டு என்று வாய்க்குள்ளே சொன்னது எனக்குக் கேட்டது.

முடிவில் ஒரு பெரிய மனிதர் பேசினார். ஆளுக்கொரு சான்றிதழும் ஒரு மரக்கன்றும் கொடுத்தார்கள். நாலு தலைமுறையாகச் சொந்தத்துக்கு ஒரு முழ நிலம் இல்லாத சனத்தின் கையில் மரக்கன்றைக் கொடுத்து நடச் சொல்கிறார்கள். அந்தோனி அதை டோலக்கின் மேல் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். மனைவியின் ஆட்டம் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன். வழக்கம் போல ஏதாவது கேலி வரும் என்று காத்திருந்தேன். அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, அவள் ஒரு பெரிய ஆள் அக்கா என்று மட்டும் சொன்னார்.

போன நவம்பரில் மழை விட்டபாடில்லை. மூன்றாம் நாள் ரோடு எல்லாம் அடைபட்டு, கரண்ட் போய், போனும் செத்துப்போனது. நாங்கள் பசறையில் கடையைப் பூட்டிக்கொண்டு மாடியில் இருந்தோம். குருவிமலைச் செய்தி எனக்கு வந்தது அதற்கும் இரண்டு நாள் கழித்து. மேல் லயம் இல்லை என்றார்கள். யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று சொல்ல ஆள் இல்லை. கடையிலிருந்த பழைய உடுப்பு, பெட்ஷீட் எல்லாவற்றையும் கட்டி மஹ்ரூபின் தலையில் வைத்துக்கொண்டு, பாதித் தூரம் நடந்தே, சனத்தை வைத்திருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனோம்.

நடந்ததை லூர்துமேரிதான் சொன்னாள். அன்றைக்குக் காலையில் மழை என்று வேலைக்குப் போகவில்லை, எல்லாரும் லயத்திலேயே இருந்தார்கள். பத்து மணிபோல மலைக்குள்ளே லொறி ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். என்ன ஏது என்று யாரும் யோசிக்கவில்லை. அவள் பிள்ளையை இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கால் தானாக இடது பக்கம் திரும்பியது. மற்றப் பெண்களும் அப்படியே, கையில் பிள்ளைகளோடு, கிழவிகளை இடுப்பைப் பிடித்துத் தாங்கிக்கொண்டு. நிரை நிரையாகத் தாண்டி வேலி வாசலில் நெருக்கியடித்து நுழைந்து பாறையில் ஏறினார்கள். பழைய பகைக்காரி வாசலில் வழுக்கி விழுந்தபோது லூர்துமேரிதான் தலைமயிரைப் பிடித்து மேலே இழுத்தாளாம். எட்டுப் பெண்களும் இருக்கிறார்கள். அவர்கள் கையைப் பிடித்து வந்த அத்தனை பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

அவர்கள் கையைப் பிடித்து வந்தவர்களில் ஆண்களும் சிலர் உண்டு. கை எட்டாதவர்கள் படிக்கட்டில் இறங்கி ஓடினார்கள். அந்தோனியும், இன்னும் இரண்டு பேரும். பாறையில் நின்ற பெண்கள் அவர்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார்கள். நேசராணி கத்தினாளாம், குறுக்க வா, குறுக்க வா என்று. மலையின் இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்டிருக்காது. அந்தோனி பைப்படி வரைக்கும் ஓடினார். அங்கிருந்து மண்ணுக்குள் போய்விட்டார்.

பள்ளிக்கூடத்தில் ஒரு மூலையில் அவள் உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கிறாய் என்று மற்றவர்கள் எல்லாம் அவளிடம் சொல்லிவிட்டிருந்தார்கள். அது உண்மைதான். அந்த உண்மை அவளுக்கு அப்போது எதற்கு உதவும்? கடைசியில் அவளாகவே பேசினாள்.

"அவருக்குத் தெரியும்க்கா. எங்க எல்லாரையும் விட அவருக்குத்தான் நல்லாத் தெரியும். எங்க திரும்பணும், எத்தனாவது அடியில திரும்பணும்னு கொட்டுல அடிச்சவரு அவருதானே. காதுக்குத் தெரியும், கைக்குத் தெரியும். காலுக்குத்தான் தெரியல."

அதன் பிறகு அவளை நான் கொஞ்ச நாள் காணவில்லை. அந்தோனியைத் தேடி எடுத்து அடக்கம் செய்தார்கள், மகன் கொழும்பிலிருந்து வந்து கூட வந்துவிடச் சொன்னான், இவள் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். மேல் லயத்துச் சனத்தில் பாதி இப்போது கீழ் லயத்தில் சொந்தக்காரர்களோடு நெருக்கிக்கொண்டு இருக்கிறது. அந்த மலையும் நல்ல மலை இல்லை. புது வீடு கட்டித் தருவதாகப் பேச்சு இருக்கிறது. பேச்சுக்கு என்ன குறைச்சல். இனி ஆட்டம் என்று ஒன்று அந்தத் தோட்டத்தில் இருக்காது, அவள் காலில் இனி அது வராது என்றுதான் நான் முடிவு கட்டியிருந்தேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்த வாரம் கடைக்கு வந்தாள். கறுத்து, இன்னும் மெலிந்து, ஆனால் நேராக நின்றாள். கதிரையை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை. ஆண்களுக்கு உடுப்பு தைக்க வேண்டும், கீழ் லயத்தில் ஒரு கூட்டம் பேர் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை வந்து அளவெடுங்கள் என்றாள். இறந்தவர்களுக்காக ஏதோ நினைவுப் பூசை வைக்கிறார்கள் போல என்று எண்ணி, வெள்ளைத் துணிக்கட்டை இறக்கப் போனேன்.

"அது வேணாம்க்கா. நீளக் காற்சட்டை தைங்க, கெட்டித் துணியில. சாரம் கட்டிக்கிட்டுக் குறுக்க ஓட முடியல, தடுக்கித் தடுக்கி விழுறாங்க."

ஆடுகிறார்களா, அந்த ஆண்களா என்று கேட்டேன். கீழ் லயத்துப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் மூன்று ஞாயிறாகப் பழகுகிறார்கள் என்றாள். இப்போது டோலக் அடிக்க ஆள் இல்லை, லூர்துமேரி தகரத்தில் அடிக்கிறாளாம். கேலி பண்ணுகிறார்களா என்று கேட்டேன். இப்போது யாரும் சிரிப்பதில்லை என்றாள்.

பிறகு, இன்னொரு விஷயம் இருக்கிறது என்றாள். ஆட்டத்தில் ஒரே ஓர் ஆள் மட்டும் குறுக்கே திரும்பாமல் நேராகக் கீழே ஓட வேண்டும். அவன் ஓடுவதைக் கண்ணால் கண்டால்தான் மற்றவர்கள் கால் பயந்து திரும்பும், அது இல்லாமல் வெறும் ஓட்டமாக இருக்கிறது என்றாள். எல்லாரிடமும் கேட்டுவிட்டாளாம். அந்த இடத்தில் ஓட ஒருவரும் சம்மதிக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது, பெண்சாதி பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்கும்போது எப்படி ஓடுவார்கள் என்றும் அவளே சொன்னாள்.

"அவரு எப்புடி ஓடுனாருன்னு பாத்தது நாந்தானே. அதனால ஒரு காற்சட்டை என் அளவுக்கும் தைங்க."

நான் நாடாவை எடுத்து அவள் இடுப்பில் சுற்றினேன். அழுதுவிட்டேன், கடையில் ஆட்கள் நின்றார்கள், அதையும் பார்க்காமல் அழுதேன். அவள் அழவில்லை. காலில் கொஞ்சம் தாராளமாக விட்டுத் தையுங்கள், அவர் வேகமாகத்தான் ஓடினார் என்றாள்.